மிருதுளா இல்லாத கடற்கரை

பிப்ரவரி 5, ஈரோடு

ஓய்வு பெற்ற அன்று பால் சங்கத்தில் சால்வையோடு இந்த டைரியையும் கொடுத்தார்கள். மேசையில் சும்மா கிடந்தது. பயணம் என்பதால் எடுத்து எழுதுகிறேன்.

சாந்தாமணி காலையிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள். எங்கள் இருவர் துணியும் ஒரே பையில் அடங்கிவிட்டது. மற்ற பைகளெல்லாம் மிருதுளாவுக்கு. எங்கள் ஒரே மகள். இருபத்து மூன்று வயது. பிறந்தபோது அழவில்லை, மூளைக்குக் காற்று போகாமல் போய்விட்டது என்றார்கள். கையைப் பிடித்தால் நடப்பாள். சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட வேண்டும். எப்போதாவது வலிப்பு வரும். 'மா', 'பூ', 'வேணா' தவிர வேறு பேச்சில்லை.

சென்னிமலை சாலையில் இவளைப் போன்றவர்களுக்காக ஓர் இல்லம் இருக்கிறது. ஊருக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைச் சில நாட்களுக்கும் அங்கே வைத்துக்கொள்வார்கள் என்று சாந்தாமணியிடம் சொன்னேன். அது உண்மைதான்.

அவள் லேசில் சம்மதிக்கவில்லை. ரிட்டையர் ஆனது நீங்கள், எனக்கு எதற்கு ஊர் சுற்றல் என்றாள். மகளைத் தூக்கித் தூக்கித் முதுகெலும்பு தேய்ந்திருக்கிறது, கொஞ்ச நாளாவது ஓய்வு வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் இறங்கி வந்தாள். கல்யாணமான புதிதில், கடல் பார்க்கக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தேனாம். எனக்கு ஞாபகமில்லை. அவளுக்கு இருந்தது.

பிப்ரவரி 6

விட்டுவிட்டு வந்தோம்.

இல்லத்தை நடத்துகிறவர் எப்சிபா டீச்சர். ஐம்பது வயதிருக்கும், கணீரென்று பேசுகிறவர். தண்ணீரைக் கரண்டியால்தான் கொடுக்க வேண்டும், டம்ளரில் கொடுத்தால் புரையேறும், தலை வாரும்போது பிடரியைத் தொட்டால் பிடிக்காது, தூங்கும்வரை பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சாந்தாமணி சொல்லிக்கொண்டே போனாள். சொல்லி முடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். டீச்சர் இரண்டாவது முறையும் பொறுமையாகக் கேட்டார்.

மிருதுளா இன்னொரு பெண்ணின் வளையலைப் பிடித்து உருட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் கிளம்பியது அவளுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை.

ஆட்டோவில் சாந்தாமணி அழுதுகொண்டே வந்தாள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 7, தரங்கம்பாடி

மாயவரம்வரை ரயில், அங்கிருந்து பஸ். கோட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன விடுதி. ஜன்னலைத் திறந்தால் கடல்.

சாந்தாமணி செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். முதல் அலை காலைத் தொட்டதும் பின்வாங்கினாள். அடுத்ததற்கு நின்றாள். அப்புறம் முழங்கால்வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்ற நினைப்பே இல்லாமல் நின்றாள். சிரித்தாள் என்று எழுதலாம். அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆயிற்று.

கரையில் நடக்கும்போது அவள் வலது கை சற்றே விலகி, விரல்கள் பாதி மடங்கி, காற்றில் நின்றபடியே வந்தது. மிருதுளா பிடித்துக்கொள்ளும் கை. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் பிடித்துக்கொண்டேன். கூச்சப்பட்டாள், ஆனால் விடவில்லை.

மத்தியானம் வஞ்சிர மீன் குழம்பும் சோறும். சோற்றில் ஆவி பறந்தது. விரலைச் சுட்டுக்கொண்டவள், "சோறு இத்தன சூடா இருக்குமுங்களா" என்றாள். மகளுக்கு ஊட்டி முடித்து, வாயைத் துடைத்து, துணி மாற்றிவிட்டு அவள் உட்காரும்போது வீட்டில் எல்லாம் ஆறிப்போயிருக்கும். எனக்கு மட்டும் எப்போதும் சூடாகவே விழுந்திருக்கிறது. இதை இன்றுதான் கவனித்தேன் என்பது வெட்கமாக இருக்கிறது.

மாலை இல்லத்துக்குப் போன் செய்தாள். சாப்பிட்டாள், தூங்கினாள் என்றார்கள்.

பிப்ரவரி 8, தரங்கம்பாடி

டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைப் பார்த்தோம். கடல் பாதி தின்றுவிட்ட சிவன் கோயிலையும் பார்த்தோம். கோட்டை மதிலருகே காரைக்குடியிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதியைச் சந்தித்தோம். அவர் பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர். பேரன் பேத்தி படங்களையெல்லாம் போனில் காட்டினார்கள். எங்களையும் கேட்டார்கள். ஏதோ சொன்னேன்.

நல்ல வெயில். சாந்தாமணி பகலில் படுத்துத் தூங்கினாள்.

பிப்ரவரி 9, நாகப்பட்டினம்

நேற்று எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன்.

காரைக்குடிக்காரர், "உங்களுக்குப் பிள்ளைக எத்தனை?" என்று கேட்டார். சாந்தாமணி டீ வாங்கப் போயிருந்தாள். இல்லை என்று சொன்னேன். "எங்களுக்குக் கொழந்தைங்க இல்லீங்க." அவ்வளவு சுலபமாக வந்தது. மிருதுளாவைப் பற்றிச் சொன்னால் அவர்கள் முகம் மாறும், உச்சுக் கொட்டுவார்கள், ஒரு வைத்தியர் பெயரோ கோயில் பெயரோ சொல்வார்கள். ஒரு நாளைக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. திரும்பிப் பார்த்தால் பின்னால் சாந்தாமணி இரண்டு கையிலும் டீ கிளாஸோடு நிற்கிறாள். என்னிடம் ஒன்றை நீட்டினாள். காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. அவள் காதில் விழுந்திருக்காது.

காலையில் வேளாங்கண்ணி போனோம். அவளுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டுமாம். நாகைக்குத் திரும்பி, மீன்பிடித் துறைமுகத்தைப் பார்க்க நான் மட்டும் போனேன். அங்கே எப்சிபா டீச்சரின் போன் வந்தது. காலையில் மிருதுளாவுக்கு ஒரு முறை வலிப்பு வந்ததாம். டாக்டர் வந்து பார்த்தாராம். இப்போது இட்லி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாளாம். "பயப்பட ஒண்ணுமில்ல சார். ஆனா பெத்தவங்களுக்குச் சொல்லாம இருக்கக் கூடாது" என்றார்.

பிறகு கேட்டார்: "அம்மாகிட்டப் பேசிட்டீங்களா சார்? இடம் காலியாகுது. இன்னும் ரெண்டு குடும்பம் கேட்டுட்டு இருக்காங்க."

இதை இந்த டைரியிலும் எழுதாமலே வைத்திருந்தேன். மிருதுளாவை நான் அங்கே விட்டது பயணத்துக்காக மட்டும் இல்லை. அவள் அங்கே பொருந்திக்கொண்டால் நிரந்தரமாகவே சேர்த்துவிடுகிறேன் என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன். எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. சாந்தாமணியின் முதுகு இனி அதிக நாள் தாங்காது. எங்களுக்குப் பிறகு மிருதுளாவுக்கு யார் என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இது ஒன்றுதான். ஆனால் கேட்டால் சாந்தாமணி வேண்டாம் என்பாள். அவளைக் கடற்கரைக்குக் கூட்டி வந்து, தூங்கவிட்டு, சூடாகச் சாப்பிடவிட்டு, பிறகு கேட்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

வலிப்பு வந்ததைச் சொன்னால் அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிடுவாள். சொல்லவில்லை. அறைக்கு வந்தபோது காய வைத்த சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். பாப்பா எப்படி இருக்கிறாளாம் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாளாம் என்றேன். மாலை அவள் இல்லத்துக்குப் பேசியபோது எடுத்தது ஓர் ஆயா; சாப்பிட்டாள், தூங்குகிறாள் என்று மட்டும் சொன்னாளாம்.

பிப்ரவரி 10

நாள் முழுக்கப் பஸ். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பளங்களும் கருவேலமும். என் தோளில் தலைசாய்த்துத் தூங்கி வந்தாள். நான் அசையாமல் இருந்தேன்.

பிப்ரவரி 11, ராமேஸ்வரம்

கோயிலுக்குள் செல்போன் கூடாது. அதனால் ஒருவர் மாற்றி ஒருவர் போவதென்று முடிவு. முதலில் அவள் போய் எல்லாத் தீர்த்தங்களிலும் நனைந்து, உதடு நடுங்க, சிறுபிள்ளை மாதிரி வந்தாள். ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீருக்கும் ஒரு ருசி என்றாள். பைகளையும் இரண்டு போனையும் அவளிடம் கொடுத்துவிட்டு நான் போனேன்.

திரும்பி வந்தபோது கடைத்திண்ணையில் நிழலில் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் என் போனுக்குக் கூப்பிட்டாராம், அவளே பேசினாளாம். என்ன சொன்னார் என்று கேட்டேன். பாப்பா நன்றாக இருக்கிறாளாம் என்றாள். அவ்வளவுதான். அப்பாடா என்றிருந்தது.

ஈரத் துணியோடு வெகுநேரம் இருந்ததால் அவளுக்கு உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. மாலை கடற்கரைக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. களைப்பு.

வழக்கமாக மாலையில் இல்லத்துக்குப் பேசுவாள். இன்று பேசவில்லை. மெல்லப் பழகிக்கொள்கிறாள் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 12, தனுஷ்கோடி போய் வந்தோம்

இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒரு கோடு போல ரோடு. அறுபத்து நாலாம் ஆண்டுப் புயலில் அழிந்த ஊர். கூரையில்லாத சர்ச் ஒன்று நிற்கிறது. சங்கும் பாசிமணியும் விற்கிறார்கள்.

சாந்தாமணி அந்தச் சர்ச் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு வெளியூர் போயிருந்தவர்களும் இருந்திருப்பார்கள் இல்லையா என்று கேட்டாள். இருந்திருப்பார்கள் என்றேன். அவர்கள் அப்புறம் எங்கே போயிருப்பார்கள் என்றாள். வெயில் ஏறுகிறது, வேனுக்குப் போகலாம் என்றேன்.

வேனில் ஜன்னலைப் பார்த்தபடியே, "இன்னும் ரெண்டு நாள் சேத்தி இருந்துட்டுப் போலாமுங்களா?" என்றாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. தாராளமாக இருக்கலாம், மதுரையில் கூடுதலாகத் தங்கலாம், பாப்பா அங்கே நன்றாகத்தானே இருக்கிறாள் என்று படபடவென்று சொன்னேன். திரும்பி என்னைப் பார்த்தாள்.

இப்போது எழுதும்போது அந்தப் பார்வை நினைவுக்கு வருகிறது. என்னவோ சரியில்லை.

பிப்ரவரி 13, மதுரை

மேலமாசி வீதிப் பக்கம் லாட்ஜ். காலையில் வீதிகளைச் சுற்றி நடந்தோம். ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரம் சதுரமாக வீதிகள்; எந்தப் பக்கம் போனாலும் கோபுரம் கண்ணில் படுகிறது. எத்தனையோ ராஜாக்களைப் பார்த்த ஊர். மல்லிகைப்பூ வாங்கினேன். வாங்கிக்கொண்டாள், வைத்துக்கொள்ளவில்லை. பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கோயிலில் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்தோம். சுற்றிலும் கூட்டம். எங்கோ நாதஸ்வரம். அவள் குளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நாகப்பட்டினத்துல இருந்தப்பவே பாப்பாவுக்கு வலிப்பு வந்துதாமா. டீச்சரு சொன்னாங்க."

நான் வாயைத் திறந்தேன்.

"இருங்க, நான் பேசி முடிச்சர்றேன். அங்கயே வெச்சுக்கறதப் பத்தியும் சொன்னாங்க. எனக்குத் தெரியும்னு நெனச்சுட்டுத்தான் சொன்னாங்க. நானும் தெரிஞ்ச மாதிரியே கேட்டுக்கிட்டேன். அவங்க முன்னால உங்கள விட்டுக்கொடுக்க மனசு வரலீங்க."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சொன்னால் நீ வேண்டாம் என்பாய் என்று பயந்தேன் என்று சொன்னேன்.

"வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். அழுதிருப்பேன். சண்ட போட்டிருப்பேன். அதெல்லாம் பண்ணிட்டு யோசிச்சிருப்பேன். என்னைய யோசிக்கவே உடாம சோத்தப் போட்டு, கடலக் காட்டி... நான் என்னங்க பச்சக் கொழந்தையா?"

படியில் எங்களுக்குக் கீழே ஒரு குடும்பம் பொங்கலைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"அன்னிக்குக் கோட்டைல நீங்க சொன்னதும் எனக்குக் கேட்டுச்சு. கொழந்தைங்க இல்லீன்னு."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எனக்குக் கோவம் வரலீங்க. அதுதான் அன்னிலருந்து என்னைய அறுக்குது. அந்த டீயக் குடிக்கற நேரத்துக்கு, நெசமாலுமே நமக்குக் கொழந்தையே இல்லாத மாதிரி இருந்துச்சு. லேசா இருந்துச்சு. பெத்தவ நெனைக்கற நெனப்பா இது?"

என் குற்றத்தைப் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுடையதைக் கேட்டபோது என்னுடையதற்கு மன்னிப்புக் கேட்கவும் கூசியது. கேட்டேன். எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். நாளைக்கே ஊருக்குப் போகலாம் என்றாள்.

பிப்ரவரி 14

மதுரையிலிருந்து ரயிலில் வந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இல்லத்துக்குப் போனோம்.

மிருதுளா சாப்பாட்டு மேசையில் இருந்தாள். கையில் கரண்டி. பாதி சோறு வாயில், பாதி மடியில். யாரும் ஊட்டவில்லை. அவளாகவே அள்ளிக்கொண்டிருந்தாள். சாந்தாமணி வாசலிலேயே நின்றுவிட்டாள். வீட்டில் நாங்கள் அவள் கையில் கரண்டியைக் கொடுத்ததே இல்லை. சிந்துவாள், நேரமாகும், பாவம்.

பிறகுதான் எங்களைப் பார்த்தாள். கரண்டியைப் போட்டுவிட்டு, "மா" என்று கத்தி, சோற்றுக் கையோடு சாந்தாமணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். விடவே இல்லை. மிருதுளாவின் மணிக்கட்டில் பல் பதிந்த தழும்பு இருந்தது. நாங்கள் கேட்பதற்கு முன்பே எப்சிபா டீச்சர் சொன்னார்: "மொதல்ல கொஞ்ச நாள் ராத்திரியில தன் கையவே கடிச்சுக்கிட்டா. அம்மாவத் தேடியிருக்கா. இப்ப நின்னுடுச்சு. உங்ககிட்ட மறைக்க மாட்டேன்."

மறைக்க மாட்டேன் என்று அவர் சொன்னபோது சாந்தாமணி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். முடிவு சொல்ல மாதக் கடைசிவரை டீச்சரிடம் அவகாசம் கேட்டாள். அவளே கேட்டாள்.

பிப்ரவரி 17

மிருதுளா ஊட்டினால் வாயை மூடிக்கொள்கிறாள். கரண்டிக்குக் கை நீட்டுகிறாள். சமையலறை முழுக்கச் சோறு. சாந்தாமணி துடைத்துக்கொண்டே இருக்கிறாள்.

பிப்ரவரி 19

குளிப்பாட்டித் தூக்கும்போது சாந்தாமணிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் போய்த்தான் தூக்கிவிட்டேன். மிருதுளா சிரித்துக்கொண்டிருந்தாள். விளையாட்டென்று நினைத்துவிட்டாள்.

மாலையில் தைலம் தேய்த்துவிடும்போது சாந்தாமணி சொன்னாள், அவளும் ஒரு வாரம் இல்லத்தில் போய்த் தங்கப்போகிறாளாம். கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எதுவும் சொல்வாளாம். டீச்சர் ஒரு கட்டில் தருகிறேன் என்றாராம். நானும் வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

பிப்ரவரி 20

இருவரையும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 23

தோசைக்கல் தீய்ந்துவிட்டது. வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. டிவியைப் போட்டேன், அணைத்தேன். மிருதுளாவின் அறைக்குள் போய், அவள் போர்வையை உதறி மடித்து வைத்தேன். நான் இத்தனை வருடமாக இந்த வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். சம்பாதித்தேன். மருந்து வாங்கி வந்தேன். சாந்தாமணி தினமும் செய்ததைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஆள்தான் மகளை எங்கே வைப்பதென்று தனியாக முடிவு செய்யப் புறப்பட்டான்.

பிப்ரவரி 25

பேசினாள். சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டாள்.

பிப்ரவரி 27

சாந்தாமணி தனியாக வந்தாள்.

கேட் சத்தம் கேட்டு எழுந்து போனேன். ஒரு பை. பக்கத்தில் யாரும் இல்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னாள்.

"அங்க ஒரு ஆயா சிடுசிடுங்குது. டீச்சர்கிட்டச் சொல்லியிருக்கேன். குழம்புல உப்பே இல்ல. ஆனா செவுத்தோரமா நீளத்துக்குக் கம்பி பதிச்சிருக்காங்க. அதப் புடிச்சுட்டு தானா நடக்கறா. நம்ம ஊட்ல என்னோட கை இருந்துச்சு. அதனால கம்பி வேணும்னு தோணவே இல்ல."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அங்கயே இருக்கட்டும். சனி ஞாயிறு கூட்டிட்டு வந்துக்கலாம். இது நான் சொல்றதுங்க. நீங்க சொன்னதுக்காக இல்ல. நாளைக்கு அவளுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா, என்னாலதான் ஆச்சுன்னு நீங்க தனியாப் போயி உக்காந்துக்கக் கூடாது. ரெண்டு பேரும் சேந்துதான் அழுவோணும்."

தலையாட்டினேன். அவள் பங்கு போட்டுக்கொண்டால் என் பாரம் குறையும் என்று யாராவது நினைக்கலாம். குறையவில்லை. கிளம்பும்போது மிருதுளா என்ன செய்தாள் என்று கேட்டேன். கம்பியைப் பிடித்தபடி நின்றாளாம். 'வேணா' என்றாளாம். எதை வேண்டாம் என்றாள், அம்மா போவதையா, அம்மாவோடு வருவதையா என்று சாந்தாமணிக்கும் தெரியவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாளாம்.

வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். குளிக்கப் போனாள். குளியலறைக் கதவை உள்ளேயிருந்து தாழிடும் சத்தம் கேட்டது. துருப்பிடித்த தாழ்ப்பாள், இழுத்து இழுத்துப் பார்த்த பிறகுதான் விழுந்தது. மகள் பிறந்த நாளிலிருந்து அந்தக் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுத்தான் அவள் குளித்திருக்கிறாள் என்பது அந்தச் சத்தத்தைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அவள் அவசரப்படவில்லை. நான் கூடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.